அறுநூறும் அறுநூற்றிரண்டும்

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு நாற்பத்தெட்டு வயது. அரைக்கைச் சட்டை, காதில் செருகிய பென்சில், மூக்குக் கண்ணாடியில் எப்போதும் மரத்தூள். பெயர் நஞ்சப்பன். கோவையில் கணபதி பக்கம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருந்தார். இரும்பை உருக்கி ஊற்றும் வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கு மர அச்சு செய்து கொடுப்பது அவருடைய வேலை. ஒரு பொருளை முதலில் மரத்தில் செய்வார். அதை மணலில் பதித்து எடுத்து, பதிந்த குழியில் இரும்பை ஊற்றுவார்கள்.

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. பெயர் தமயந்தி. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம், கால் உடைந்த முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நஞ்சப்பனிடம் வந்தார். ஒட்டித் தாருங்கள் என்று கேட்க வந்தவர், நானே ஒட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பாடம்.

அவர் இவரை மாஸ்டர் என்பார். இவர் அவரை டீச்சர் என்பார். யார் யாருக்குச் சொல்லித்தருகிறார்கள் என்று விளங்க, புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

டீச்சர் வீட்டில் கார் நிறுத்துகிற கொட்டகை மரவேலைக் கூடமாக மாறி இரண்டு வருடம் ஆயிற்று. கார் வெயிலில் நிற்கிறது. அதைப் பற்றி அவருடைய கணவர் வாரம் ஒருமுறை ஏதாவது சொல்வார். டீச்சர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, நஞ்சப்பனின் பட்டறை வாசலில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து டீச்சர் இறங்கினார்.

"வாங்க டீச்சர். இன்னைக்குப் புதன்கிழமையாச்சுங்களே."

"தெரியுமுங்க மாஸ்டர். கிழமை இன்னும் மறக்கல."

அதை அவர் சொன்ன விதம் நஞ்சப்பனுக்குப் பிடிக்கவில்லை.

வண்டியில் ஒரு மேசை இருந்தது. ஓசூரில் இருக்கும் மகளுக்காக டீச்சர் நான்கு மாதமாகச் செய்துகொண்டிருந்த மேசை. அதன் டிராயர் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் மூன்று பெரிய பிளாஸ்டிக் கூடைகள் நிறையக் கருவிகள்.

டிரைவரும் நஞ்சப்பனும் எல்லாவற்றையும் இறக்கி வைத்தார்கள். வண்டி போனதும் டீச்சர் சொன்னார்.

"கருவியெல்லாம் நீங்க வெச்சுக்குங்க. மேசையை வெறகுக்குப் போட்டுக்குங்க."

"ஏனுங்க?"

"நான் இனி மரத்தைத் தொடறதில்லைங்க."

நஞ்சப்பன் மறுபடி ஏன் என்று கேட்கவில்லை. முதல் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன ஏதுன்னு தெரியாம வாங்கி வைக்கக் கூடாதுங்க. ஒன்னொன்னாச் சொல்லிருங்க."

கைக்கு வந்த முதல் பொருளை எடுத்தார். பிடி வைத்த ஒரு கட்டை. நுனியில் ஒரு வெட்டு.

"தள்ளுகட்டை" என்றார் டீச்சர். "மெஷின் ரம்பத்துல மரத்தைத் தள்ளறப்ப விரல் கிட்டப் போகக் கூடாதுன்னு செஞ்சது. ஆடி மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. நீங்க அன்னைக்கு மாங்காயில மொளகாப்பொடி போட்டுத் தின்னுட்டு இருந்தீங்க. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தீங்க."

"இது?"

"கிளாம்ப். எட்டு இருக்கும். பசை காயற வரைக்கும் பிடிச்சுக்க மனுஷனுக்கு ரெண்டு கை பத்தாதுன்னு சொன்னீங்க. அதுல பச்சைப் பெயின்ட் அடிச்சதுக்கு மட்டும் திருகு சரியா இறுகாது."

நஞ்சப்பன் பச்சைக் கிளாம்பைத் திருகிப் பார்த்தார். இறுகவில்லை.

"இந்தப் பலகை?"

"மேசை ஓரத்துல மாட்டி, அறுக்கற மரம் நகராமப் புடிச்சுக்கறதுக்கு. நான் முதல்முதலாச் செஞ்சது. அடியில ஒரு ஆணி கோணலா ஏறியிருக்கும். நீங்க அதைப் பார்த்துச் சிரிச்சீங்க. அப்பறம் இருமறாப்பல மாத்திக்கிட்டீங்க."

"பார்த்துட்டீங்களா அதை?"

"முப்பத்தி நாலு வருஷம் வகுப்புல நின்னவளுங்க நானு."

ஒரு மெழுகுவத்தித் துண்டு வந்தது. திருகாணியில் தடவினால் லேசாக ஏறும் என்றார். பழைய செய்தித்தாள் சுருள் வந்தது. பசை வழிந்து, செய்கிற பொருள் மேசையோடு மேசையாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என்றார். ஒருமுறை அப்படி ஒட்டிக்கொண்டதையும், அதைப் பிரித்தெடுக்க ஒரு சனிக்கிழமை முழுதும் போனதையும் சொன்னார். மூலைமட்டம் வந்தது.

"இது சரியா இருக்குதான்னு எப்பிடிங்க பாக்கறது?"

"ஒரு பக்கம் வெச்சு ஒரு கோடு. திருப்பி வெச்சு அதே இடத்துல இன்னொரு கோடு. ரெண்டும் ஒன்னா விழுந்தாச் சரி. விரிஞ்சு போனா மட்டம் கோணல். மாசம் ஒருக்காப் பார்த்துருவேன்."

நஞ்சப்பன் மூலைமட்டத்தைக் கீழே வைத்தார். மூன்று கூடையும் காலியாகியிருந்தன. அவரைச் சுற்றித் தரையெல்லாம் கருவிகள். எதைப் பற்றிச் சொல்லவும் டீச்சர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"இத்தனையும் ஞாபகம் இருக்குது. அப்பறம் என்னத்தைங்க மறந்தீங்க?"

டீச்சருக்கு அவர் செய்தது அப்போதுதான் புரிந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மறக்கலீங்க. அளவு தப்புது."

பிறகு சொல்ல ஆரம்பித்தார். மேசையின் சட்டம் ஆயுத பூஜைக்கு முன்பே முடிந்துவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை. டிராயர் போகிற வாய் அறுநூற்றிரண்டு மில்லிமீட்டர். டிராயர் அறுநூறு இருந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இடைவெளி விட்டு வழுக்கிக்கொண்டு போகும். பூஜை முடிந்து டிராயரை அறுநூறுக்குச் செய்தார். போகவில்லை. அளந்தார். அறுநூறுதான். வாயை டேப்பால் அளந்தார். அறுநூற்றிரண்டு. மறுபடி தள்ளினார். போகவில்லை.

"எங்கியோ தப்பா அளந்திருப்பேன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொன்னு செஞ்சேன். அதுவும் அறுநூறு. அதுவும் போகல. இது மூணாவதுங்க."

"இழைச்சுக் கொறச்சா ஆச்சே."

"கொறைக்க என்ன இருக்குது மாஸ்டர்? அறுநூறு அறுநூத்திரண்டுக்குள்ள போகணும். இது ஒன்னாங்கிளாஸ் கணக்கு. போகலைன்னா, ஒன்னு கணக்குத் தப்பு. இல்லைன்னா நான் தப்பு. கணக்குத் தப்பாதுங்களே."

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கம்மாவுக்கு இப்பிடித்தானுங்க ஆரம்பிச்சுது. அறுபத்தஞ்சு வயசுல. நாலு பேருக்குச் சோறாக்க பன்னெண்டு பேருக்கு அரிசி போட்டாங்க. நாங்க சிரிச்சோம். அடுத்த நாளும் போட்டாங்க. கேட்டா, சரியாத்தான் போட்டேன்னு படியைக் காட்டினாங்க. ரெண்டு வருஷத்துல என்னை யாருன்னு கேட்டாங்க."

டீச்சர் முக்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"மூணு வாரமாக் காலைல எந்திரிச்சதும் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பாக்கறேன். தொண்ணூத்தி நாலுல பத்தாம் வகுப்புப் படிச்ச புள்ளைங்க பேரை வரிசையாச் சொல்லிப் பாக்கறேன். எல்லாம் வருது. டிராயர் மட்டும் உள்ள போகமாட்டேங்குது."

"வீட்டுல சொன்னீங்களா?"

"இல்லைங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மகளுக்கு மேசை முடிஞ்சு மெருகு காயுதுன்னு பொய் சொல்லிட்டேன்."

பட்டறைக்குப் பின்னால் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்விங்க. ஒரு ஆளுக்குப் புத்தி தேயுதுன்னா, அது அந்த ஆளுக்கே தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங்க டீச்சர்" என்றார் நஞ்சப்பன். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "டிராயரை எடுத்துட்டு வாங்க."

டிராயரைப் பட்டறை மேசையில் வைத்தார்கள். டீச்சர் பையிலிருந்து தன் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். அறுநூறு மில்லிமீட்டர் நீளம். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். டிராயரின் அகலத்தில் வைத்தார். இந்த முனையில் பூஜ்யம், அந்த முனையில் அறுநூறு. ஒரு மயிரிழை கூடுதல் குறைச்சல் இல்லை.

"நீங்களும் பாருங்க."

நஞ்சப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அறுநூறு. டேப்பை நீட்டி மேசை வாயை அளந்தார். அறுநூற்றிரண்டு. டிராயரைத் தூக்கி வாயில் வைத்துத் தள்ளினார். போகவில்லை. கொஞ்சம் பலமாகத் தள்ளினார். மேசை நகர்ந்ததே தவிர டிராயர் நகரவில்லை.

அவரும் தலையைச் சொறிந்தார். டீச்சருக்கு அதுவே பாதி ஆறுதலாக இருந்தது. மூன்று வாரமாக அவர் மட்டுமே பார்த்த அதிசயத்தை இப்போது இன்னொருத்தரும் பார்த்துவிட்டார்.

"எல்லா நம்பரையும் கொஞ்சம் அக்கட்ட வெச்சுருங்க" என்றார் நஞ்சப்பன்.

மூலையில் கிடந்த மெல்லிய ரீப்பர்க் குச்சிகளில் இரண்டை எடுத்தார். ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல மேசை வாய்க்குள் வைத்து, இரண்டு நுனியும் இரண்டு பக்கச் சுவரைத் தொடும்வரை விரித்தார். டீச்சரின் கிளாம்புகளில் சின்னதை எடுத்து இரண்டு குச்சியையும் சேர்த்து இறுக்கினார். எடுத்த கிளாம்ப் பச்சை. வாயில் ஏதோ முணுமுணுத்துவிட்டு வேறொன்றை மாட்டினார்.

"இந்தக் குச்சிக்கு நம்பர் தெரியாதுங்க. வாய் எத்தனை அகலம்னு மட்டும் தெரியும்."

குச்சியை வெளியே எடுத்து டிராயரின் மேல் வைத்தார். ஒரு முனையைச் சரியாக ஓரத்தோடு ஓரம் சேர்த்தார். மறு முனையில் டிராயர் ஓர் உளுந்தின் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் அந்த உளுந்து அகலத்தையே பார்த்தார்கள்.

"டிராயர் பெருசுங்க டீச்சர்."

"ஸ்கேல் அதைச் சின்னதுன்னு சொல்லுதே."

"ஆமாங்க. சொல்லுது."

"அப்பிடின்னா?"

நஞ்சப்பன் ஸ்கேலைக் கையில் எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அதன் முனையில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. நடுவில் குங்குமம்.

"மூலைமட்டத்தை மாசம் ஒருக்காச் சோதிக்கறேன்னீங்க."

"ஆமாங்க."

"இதைச் சோதிச்சீங்களா?"

"இதையா?" டீச்சருக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. "இது நீங்க கொடுத்ததுங்க மாஸ்டர். விஜயதசமியன்னைக்கு. அந்தச் சுவத்துல மாட்டியிருந்ததை எடுத்து, இனி நீங்க டேப்பை நம்பற ஆளில்லைன்னு சொல்லிக் கொடுத்தீங்க. அதைப் போயி எதுக்குச் சோதிக்கறது?"

"இந்தப் பொட்டு?"

"பூஜைக்கு உங்க கையால வெச்சது. எப்பிடிங்க தொடைக்கறது? அது அழியாமத்தான் துணில சுத்தி வெச்சிருக்கேன்."

நஞ்சப்பன் கட்டைவிரல் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். டீச்சர் ஐயையோ என்றார். அவர் நிறுத்தவில்லை. குங்குமம் உதிர்ந்தது, சந்தனம் பொரிந்து விழுந்தது. அடியில் கடுகு மாதிரி எழுத்து பொறித்திருந்தது. வார்ப்பிரும்பு, நூற்றுக்கு ஒன்று.

நஞ்சப்பன் டேப்பை எடுத்து ஸ்கேலின் மேல் நீட்டினார். டேப்பின் நுனியை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"மறுகடைசியில என்னுங்க காட்டுது?"

டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"அறுநூத்தி ஆறு."

"ம்."

"அறுநூத்தி ஆறுன்னா... நூத்துக்கு ஒன்னு அதிகம்! ஒவ்வொரு கோடும் நூத்துல ஒரு பங்கு நீளம்."

முப்பத்து நான்கு வருட வேகத்தில் கணக்கு வந்து விழுந்தது. கணக்கு வந்த பிறகும் அவருக்கு விஷயம் புரியவில்லை. எந்தப் பாவி இப்படி ஒரு ஸ்கேலைச் செய்து விற்பான் என்று கேட்டார்.

"பாவியில்லைங்க. எங்களுக்குன்னே செய்யறது." நஞ்சப்பன் மெதுவாகச் சொன்னார். "உருக்கி ஊத்தின இரும்பு ஆறுனாச் சுருங்குமுங்க. நூத்துக்கு ஒன்னு. அதனால மர அச்சை அந்த அளவுக்குப் பெருசாச் செய்யணும். ஒவ்வொன்னுக்கும் கணக்குப் போட்டுட்டு இருக்க முடியாதில்லைங்களா? ஸ்கேலையே நீட்டி அடிச்சுருவாங்க. இதுல அறுநூறு வெச்சா, இரும்பு ஆறுனதும் அறுநூறு வந்து நிக்கும்."

"என் டிராயர் ஆறாதே."

"ஆறாதுங்க."

சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. எப்போதும் இடது ஆணியில் சாதாரண ஸ்கேல், வலது ஆணியில் இது. பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. இருபத்தாறு வருடமாக அவர் கை போய் எடுக்கும். ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிகளையும் இறக்கி, கழுவி, பொட்டு வைத்து, கும்பிட்டு, மறுநாள் திரும்ப மாட்டினார்கள். மாட்டுகிறபோது இடது வலதாகிவிட்டது. அடையாளத்தின் மேலேயே பொட்டு.

இந்த இடத்தில், கதைகளில் வருகிற குருவாக இருந்தால், எல்லாம் உன்னைச் சோதிக்கத்தான் செய்தேன் என்று ஒரு புன்னகை செய்வார். சீடரும் காலில் விழுவார். நஞ்சப்பனுக்கு அந்த வசதியான பதில் தோன்றவே இல்லை. முகம் சிறுத்துப்போய் நின்றார்.

"தப்பு என்மேலங்க டீச்சர். நான் ஸ்கேலை மாத்திக் கொடுத்துட்டேன். நீங்க மூணு வாரம் தூங்காம இருந்திருக்கீங்க. என்னாலதான்."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நஞ்சப்பன் பயந்தார். பிறகு சிரிக்கிறார் என்று நினைத்தார். இரண்டும்தான். மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஒன்று எழுந்து போனது. அது போவதை அவரால் உடம்பில் உணர முடிந்தது. அத்தனை நிம்மதியை அவர் அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் அறிந்திருந்தார், மகள் பிறந்து முதல் குரல் கேட்டபோது.

"அப்ப எனக்கு ஒன்னுமில்லீங்களா?"

"டிராயர் விஷயத்துல ஒன்னுமில்லைங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைக்கும்போது அவருக்குக் கணக்கு இன்னும் ஒரு படி ஓடியது.

"மாஸ்டர், இரும்புக்கான ஸ்கேல் என்கிட்ட இருந்துச்சு. அப்ப உங்ககிட்ட இருக்கறது?"

நஞ்சப்பன் சுவரைப் பார்த்தார். வலது ஆணியில் சாதாரண ஸ்கேல் தொங்கியது.

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

பூஜை முடிந்த வாரத்தில் ஒரு பம்பு உறைக்கு மர அச்சு செய்து கொடுத்திருந்தார். வார்த்து எடுத்ததெல்லாம் அளவில் சின்னதாக வருகிறது என்று தொழிற்சாலை மேனேஜர் பத்து நாளாகப் போன் செய்துகொண்டிருந்தார். நஞ்சப்பன் விடவில்லை. உங்கள் மணலைப் பாருங்கள், உலைச் சூட்டைப் பாருங்கள், அளக்கத் தெரிந்த ஆளை வைத்து அளங்கள் என்று நேற்றுகூடச் சத்தம் போட்டிருந்தார். அதை அப்படியே டீச்சரிடம் சொன்னார்.

"பத்து நாள்ல ஒருக்காக்கூட உங்க மேல உங்களுக்குச் சந்தேகம் வரலீங்களா?"

"ஒரு நிமிஷம்கூட வரலீங்க."

டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் டீச்சரைப் பார்த்தார்.

நஞ்சப்பன் போனை எடுத்தார். வெளியே போய்ப் பேசலாம் என்று எழுந்தவர், பிறகு அங்கேயே நின்று பேசினார்.

"சார், நஞ்சப்பன் பேசறேன். உங்க மணல்ல தப்பில்லைங்க. சூட்டுலயும் இல்லைங்க. என் அச்சுத்தான் சின்னது. ஆமாங்க. இல்லைங்க, வேற காரணம் எதுவும் இல்லைங்க. ஸ்கேலை மாத்தி எடுத்துட்டேன். புதுசாச் செஞ்சு கொடுத்தர்றேன். நேத்துப் பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க."

அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள். நஞ்சப்பன் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக் கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும் பெருமூச்சு விட்டார். அவருக்கும் முகம் தெளிந்திருந்தது.

"திட்டினாங்களா?"

"நல்லாத் திட்டினாங்க." அவர் சிரித்தார். "சரி, டிராயரைப் பிடிங்க. பக்கத்துக்கு மூணு மில்லி எடுக்கணும்."

டிராயரை வைஸில் பிடித்து இறுக்கினார்கள். இழைப்புளியை டீச்சரே எடுத்தார். தேக்குச் சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது. ஒரு பக்கத்தைத் தான் இழைக்கிறேன் என்றார் நஞ்சப்பன். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் ஒட்டினது. நானே இழைக்கறேன்."

இடையிடையே குச்சியை வைத்துப் பார்த்தார்கள். ஸ்கேலையும் டேப்பையும் யாரும் தொடவில்லை. உளுந்து அகலம் எள் அகலமாயிற்று. பிறகு காகித கனம். பிறகு குச்சி டிராயரை மீறி இரண்டு பக்கமும் ஒரு நூலிழை நின்றது. மெழுகுத் துண்டை ஓரத்தில் தேய்த்து, டிராயரை மேசை வாயில் வைத்து, டீச்சர் ஒற்றை விரலால் தள்ளினார்.

உஸ் என்று உள்ளேயிருந்த காற்று வெளியேறியது. டிராயர் கடைசிவரை போய், டொக் என்று நின்றது.

டீச்சர் அதை வெளியே இழுத்தார். மறுபடி தள்ளினார். இழுத்தார். தள்ளினார். நஞ்சப்பன் டீ வாங்கி வரப் போய்த் திரும்பியபோதும் இழுத்துத் தள்ளிக்கொண்டேதான் இருந்தார். வகுப்பில் கணக்கு விடை சரியாக வந்த பிள்ளைகள் ஸ்லேட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருப்பார்களே, அந்த முகம் அவருக்கு.

டீ குடித்தார்கள். கருவிகளைக் கூடைகளில் அடுக்கினார்கள். எதை எதில் வைத்திருந்தார் என்று டீச்சருக்கு நினைவிருந்தது. பச்சைக் கிளாம்பை மட்டும் நஞ்சப்பன் எடுத்து வைத்துக்கொண்டார், திருகு மாற்றித் தருகிறேன் என்று. சாதாரண ஸ்கேலை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை வாங்கி, கொடுத்தவர் கண்முன்னாலேயே டேப்பை நீட்டிச் சோதித்தார். அறுநூறுக்கு அறுநூறு. பிறகுதான் பையில் போட்டார். நஞ்சப்பனுக்கு அது பிடித்திருந்தது.

வண்டிக்குப் போன் செய்தாகிவிட்டது. வாசலில் காத்திருந்தபோது டீச்சர் மகளை அழைத்து, மெருகு காய்கிறது என்று சொன்னது பொய் என்றும், மேசை அடுத்த வாரம் வரும் என்றும் சொன்னார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க டீச்சர்."

"இன்னைக்கு ஸ்கேல் தப்பாப் போச்சு. நல்லவேளை. ஆனா இன்னொரு நாள், ஸ்கேல் எல்லாம் சரியா இருந்து, டிராயர் போகாம இருந்தா? அன்னைக்கு நிசமாவே என் தலைதான் தப்பா இருந்தா? அப்ப நான் என்னுங்க செய்யறது?"

நஞ்சப்பன் அவசரப்படவில்லை. அப்படியெல்லாம் வராது என்று சொல்லவும் இல்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார்.

"அன்னைக்கும் டிராயரைத் தூக்கிட்டு இங்கியே வாங்க டீச்சர். மூணு வாரம் கழிச்சு வேண்டாம், மொதல் நாளே வாங்க. ரெண்டு பேராச் சேர்ந்து அளப்போம்."